கிழவிக்கும் கிழவனுக்கும் நடுவே

பக்கத்து வீட்டு எடியாஸ் மாமாவுக்குக் கதவைத் தட்டிப் பழக்கம் கிடையாது. நொண்டிக்காலை இழுத்துக்கொண்டு நேரே சமையல்கட்டுக்குள் வந்தார். சொட்டச் சொட்ட நனைந்த தொப்பியைக் கழற்றி அடுப்புக் கம்பியில் மாட்டிவிட்டு, காப்பிக் கெண்டியைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். காலி.

"புதுசாப் போடு தாயி. ஒன் புருசன் வர்றான்."

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த ரக்னா கத்தியோடு திரும்பினாள். தோர்லைஃப் வர இன்னும் ஒரு வாரம் கிடக்கிறதே என்றாள். கப்பல் முன்கூட்டியே வந்துவிட்டது என்றார் அவர். பக்கத்துப் பெரிய தீவு வரைக்கும் நீராவிக் கப்பலில் வந்து இறங்கியிருக்கிறான். நாளைக்குத் தபால் படகு வரும், அதற்குக் காத்திருக்க மனசில்லாமல் யாரிடமோ ஒரு சின்ன மோட்டார் படகை இரவல் வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டான். புறப்படும் முன்னால் இங்கே கடைக்குத் தொலைபேசியில் பேசி, காப்பியை அடுப்பில் ஏற்றச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறான். எடியாஸ் புகையிலை வாங்கப் போன இடத்தில் கடைக்காரம்மா சேதியை இவர் தலையில் கட்டி அனுப்பிவிட்டாள்.

மூலையில் கம்பளி சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஹன்சீனே, தோர்லைஃபின் அக்கா, தலையைத் தூக்கவில்லை. கல்யாணம் கட்டாதவள். தம்பி வீடே அவள் வீடு. தம்பி கப்பல் வேலைக்குப் போன பிறகு பாதி வீட்டு வேலையும் முழு வாயும் அவளுடையது.

"ரெண்டு வருசம் பொறுத்தவனுக்கு ஒரு ராத்திரி பொறுக்கலையாக்கும்."

எடியாஸ் சிரித்தார். ரக்னாவுக்குக் காது சூடாகியது. ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஜன்னலண்டை போனாள். மத்தியானம் தாண்டியதுமே வெளிச்சம் வடியத் தொடங்கும் அக்டோபர் மாசம். தென்மேற்கிலிருந்து காற்று காலையிலேயே கிளம்பி, இப்போது வீட்டு மூலையைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தது. அங்கங்கே ஆலங்கட்டியோடு மழை ஓடி வந்து மறைப்பதும் விலகுவதுமாக இருந்தது. விலகிய நேரங்களில் வெளியே நூறு திட்டுகளும் தெரிந்தன. மொட்டைப் பாறைகள், சிலது வீடு பெரிசு, சிலது மாட்டு முதுகு பெரிசு, சிலது அலை இறங்கும்போது மட்டும் மூக்கை நீட்டுகிறவை. அவற்றுக்கு உள்ளே தண்ணீர் குளம் மாதிரி அடங்கிக் கிடக்கும், வெளியே மட்டும் வெள்ளையாகக் கொதிக்கும். உள்ளே வந்துவிட்டால் பிழைத்தான். வருவதுதான் பாடு.

கீழே, களத்து மேட்டில், அவளுடைய படகுக் கொட்டகை நின்றது. பளிச்சென்று வெள்ளை. கடலிலிருந்து வருகிறவன் கண்ணுக்கு முதலில் அதுதான் படும் என்று நினைத்து எப்போதும் இருந்த வெள்ளையையே அவளே ஏணி போட்டு ஏறிப் புதுசாக அடித்திருந்தாள்.

கொட்டகை முன்பு அங்கே இல்லை. தோர்லைஃபின் தாத்தா காலத்திலிருந்து அது கரையோரம், அலை வந்து தொடுகிற இடத்தில் இருந்தது. போன வருசத்துப் புயலில் கடல் உள்ளே புகுந்து படகின் விலா இரண்டை உடைத்துப்போட்டது. அதைக் கடிதத்தில் எழுத அவளுக்கு மனம் வரவில்லை. எங்கோ வெயில் காய்கிற துறைமுகத்தில் நிற்கிறவனை எதற்கு நோகடிக்க வேண்டும்? அதற்குப் பதிலாகத் தீவு முழுக்கச் சேர்ந்து, வசந்தத்தில் ஒரு நாள், கொட்டகையை அப்படியே உருட்டுக்கட்டைகள் மேல் ஏற்றி மேட்டுக்கு இழுத்து வந்து நிறுத்தியது. வேலைக்கு வந்தவர்களுக்கு அவள் காப்பியும் வெண்ணெய் தடவிய உருளைக்கிழங்கு ரொட்டியும் கொடுத்தாள். ஒவ்வொருவரிடமும் ஒரு வாக்கும் வாங்கிக்கொண்டாள். யாரும் அவனுக்கு எழுதக் கூடாது. வந்து பார்க்கட்டும். பார்க்கும்போது அவன் முகம் போகிற போக்கை அவள் பார்க்க வேண்டும்.

இப்போது அந்த முகத்தைத்தான் நினைத்துக்கொண்டாள். படகின் பின்பக்கம் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்திருப்பான். மழைக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு கரையைத் துழாவுவான். முதலில் நீர்க்காக்கைத் திட்டின் மேல் இருக்கிற கல்லடுக்கு தெரியும். அதற்குப் பின்னால் வெள்ளைச் சுவரைத் தேடுவான். சுவரைக் கல்லடுக்கின் தலைமேல் கொண்டு வந்து நிறுத்தி…

அவள் கை ஜன்னல் சட்டத்தைப் பிடித்தது.

"மாமா," என்றாள். "அவருக்கு யாரு சொன்னா?"

"எத?"

"கணியம் மாறினத."

எடியாஸ் ஜன்னலுக்கு வந்து கீழே கொட்டகையைப் பார்த்தார். ஹன்சீனேயின் கையில் கம்பளிச் சீப்பு நின்றுபோனது.

திட்டுகளுக்கு நடுவே உள்ளே வரும் குறுக்கு வழி ஒன்றே ஒன்று. அதன் தெற்கே கிழவி, வடக்கே கிழவன். இரண்டும் தண்ணீருக்கு அடியில் கிடக்கிற பாறைகள். நடுவே ஒரு சந்து. கல்லடுக்கின் தலைமேல் கொட்டகைச் சுவர் உட்கார்ந்தால் நீ சந்தின் நடுக்கோட்டில் இருக்கிறாய். மூன்று தலைமுறையாக அந்தக் கணியத்தை, ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும் இரண்டு அடையாளங்களின் கோட்டை, பிடித்துத்தான் ஆண்கள் வீட்டுக்கு வந்தார்கள். கொட்டகை வடக்கே மேடேறிய அன்றே கோடு நகர்ந்தது. அன்றே எல்லோரும் கூடிப் பேசி, இனிமேல் சுவரைக் கல்லடுக்குக்கு இடதுபுறம் ஒரு படகு அகலம் தள்ளி வைத்து வரணும் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு வாரத்தில் கண் பழகிவிட்டது. பழகிய பிறகு, அது புதிது என்பதே யாருக்கும் ஞாபகத்தில் இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யார் யாரிடம் சொல்வார்கள்? அவள் மட்டும் அவனைத் துறையில் போய் அழைத்து வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு வாரம் மிச்சம் வைத்திருந்தாள்.

"பழைய கணியத்த நம்பி வந்தான்னா," என்றார் எடியாஸ் மெதுவாக, "நேரா கிழவி மடியில."

ரக்னா அதற்குள் கடைக்கு ஓடலாம், தொலைபேசியில் பிடிக்கலாம் என்று ஆரம்பித்தாள். புறப்பட்டு வெகுநேரமாயிற்று என்றார் அவர். வெயில் நாளாயிருந்தால் கிழவி மேல் அலை உடைவது தூரத்திலேயே தெரியும், விலகிவிடுவான். இன்றைக்குக் கடல் முழுக்க உடைகிறது. எது கிழவி, எது வெறும் அலை என்று தெரியாது. கணியம் ஒன்றைத்தான் நம்புவான். எதிரே படகு கொண்டுபோய்ச் சொல்லலாம் என்றால், ஓடக்கூடிய ஆண்கள் எல்லாம் பெரிய படகுகளோடு மீனுக்குப் போய் எங்கோ ஒதுங்கிக் கிடக்கிறார்கள். இருக்கிறது இரண்டு பெண்களும் ஒரு நொண்டியும், தண்டு வலிக்கிற படகும். இந்தக் காற்றில் அது துறையைத் தாண்டாது.

"வெள்ளைய மறைச்சிட்டா?" என்றாள் ரக்னா. "கம்பத்துல காயிற பழுப்பு வலைய எல்லாம் அள்ளிப் போட்டு…"

"மறைச்சிட்டு? கணியமே இல்லாம அவன் எங்க போவான்? இருட்டப் போவுது. வெளியில ஒரு மணி நேரம் தாங்காது அந்தச் சின்னப் படகு."

ஹன்சீனே எழுந்து நின்றாள். கொட்டகையை நகர்த்தியதில் ஆரம்பத்திலிருந்தே அவளுக்கு உடன்பாடு இல்லை. தாத்தா வைத்த இடத்தை மாற்றுகிறவள் பிறகு என்னென்ன மாற்றுவாளோ என்று அப்போதே பல நாள் முணுமுணுத்தாள். அதைச் சொல்லப் போகிறாள் என்று ரக்னா நினைத்தாள். சொல்லட்டும்.

"மறைக்கவும் வேணும், பழைய எடத்துல வெள்ளையா எதையாவது நிறுத்தவும் வேணும்," என்றாள் ஹன்சீனே. "கதவக் கழட்டுங்க."

கொட்டகையின் முகப்பில் பாதிக்கு மேல் கதவுதான். படகு நுழைய வேண்டுமே. ஒன்றரை ஆள் உயரத்தில் இரண்டு கதவுகள், இரண்டும் ரக்னா அடித்த அதே வெள்ளை. கழற்றிவிட்டால் அங்கே கறுப்புப் பொந்து ஒன்று மிஞ்சும்.

மூவரும் வெளியே வந்ததும் காற்று அவர்களைச் சுவரோடு சேர்த்து அறைந்தது. ஹன்சீனே வலை உலர்த்தும் கம்பங்களுக்குப் போனாள். ரக்னாவும் எடியாஸும் முதல் கதவின் அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பினார்கள். வசந்தத்தில் போட்ட எண்ணெய் இன்னும் கீலில் இருந்தது. இரண்டாவது நெம்பலில் கீலை விட்டு எழும்பியது. எழும்பிய அடுத்த கணம் காற்று கதவைப் பிடுங்கியது. ரக்னாவின் கையிலிருந்து உருவிக்கொண்டு போய், உருளைக்கிழங்குத் தோட்டத்தின் மேல் ஒரு பெரிய சீட்டுக்கட்டுச் சீட்டு மாதிரிப் புரண்டு, வேலியை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது.

"போச்சு," என்றார் எடியாஸ். "அடுத்தத நிமித்தாத. படுக்க வச்சே தூக்கு. காத்துக்கு விளிம்பக் காட்டு."

இரண்டாவது கதவைப் படுக்க வைத்தே இறக்கினார்கள். அவர் முன்னால், அவள் பின்னால். நொண்டிக்கால் ஒவ்வொரு தடவை தாழும்போதும் கதவின் எடை முழுவதும் அவள் விரல்களுக்கு வந்தது. புல் வழுக்கியது. ஒரு இடத்தில் அவர் விழுந்து, கதவின் ஓரம் மேலே எழும்பிக் காற்று அடியில் புகுந்தது. ரக்னா கதவின் மேலேயே குப்புற விழுந்து அழுத்தினாள். எழுந்தார்கள். இன்னும் நடந்தார்கள். அவளுக்கு அவன் எந்நேரம் எங்கே வந்துகொண்டிருப்பான் என்ற கணக்குத்தான் உள்ளே ஓடியது. ஒரு தடவை பெரிய தீவின் முனையில் இருந்தான், ஒரு தடவை கிழவன் பக்கத்திலேயே இருந்தான், ஒரு தடவை எங்குமே இல்லை.

திரும்பிப் பார்த்தபோது ஹன்சீனே பழுப்பு வலைகளைக் கல்குண்டோடு சுருட்டிக் கொட்டகை முகட்டுக்கு வீசிக்கொண்டிருந்தாள். அறுபதை நெருங்குகிற பெண். முதல் வீச்சு சரிந்தது. இரண்டாவது தங்கியது. காற்றே வலையைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தது. வெள்ளை மங்கி மண் நிறமாகியது.

பழைய இடத்தைக் காணோம்.

கடல் ஏறியிருந்தது. அடித்தளக் கற்கள் இருந்த இடத்தில் நுரையும் கடற்பாசியும் மிதந்தன. கொட்டகை இங்கேயே இருந்திருந்தால் இந்நேரம் படகு தூளாகியிருக்கும். அந்த நினைப்பு ரக்னாவுக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை.

"முகப்புல ரெண்டு மூலக்கல்லு இருக்கும்," என்று கத்தினார் எடியாஸ். "ரெண்டுக்கும் சரி நடுவுல நிக்கணும். இல்லேன்னா எதுக்கு நிக்கிறது?"

அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் காலால் தடவினாள். சில்லிட்டு எலும்பு வலித்தது. முதல் கல் கிடைத்தது. தோர்லைஃப் கப்பலுக்குப் போகும் முன்னால் அதில் உட்கார்ந்துதான் மீன் அறுப்பான். அலை இறங்கியபோது இரண்டாவதன் விளிம்பு இடறியது. நடுவே வந்து நின்றாள். கதவை நிமிர்த்தினார்கள். நிமிர்ந்ததும் காற்று அதை அவள் மேல் சாய்த்தது. எடியாஸ் கரையில் கிடந்த இரண்டு துடுப்புகளைப் பின்னால் முட்டுக்கொடுத்து, ஒன்றைத் தன் தோளில் தாங்கினார். அவள் முதுகைத் திருப்பிக் கதவில் ஒட்டவைத்து, குதிகாலைக் கற்களுக்கு இடையில் பதித்தாள்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. கடல் இப்போது அவள் முதுகுக்குப் பின்னால், கதவுக்கு அந்தப் பக்கம். அவளுக்குத் தெரிவதெல்லாம் களமும், பழுப்பு வலை போர்த்த கொட்டகையும், புகை வருகிற தன் வீடும்தான்.

"ஒத்தக் கதவு போதுமா மாமா?"

"திட்டுக்கு மேல பாதி தெரிஞ்சாப் போதும்."

"தெரியுமா?"

அவர் துடுப்பைத் தோளில் இன்னும் இறுக்கிக்கொண்டார்.

ஹன்சீனே கரைப்பாறையின் மேல் ஏறி நின்றாள். பாவாடை பாய் மாதிரிப் புடைத்தது. ரக்னா அவள் முகத்தைப் பார்த்தாள். பார்க்க வேறெதுவும் இல்லை.

"தெரியிதா மதினி?"

"மழை."

மழை வந்தது. ஆலங்கட்டி கதவின் அந்தப் பக்கத்தில் பட்டாணி கொட்டுகிற மாதிரிச் சடசடத்தது. அலை ஒவ்வொன்றும் கதவின் அடியை உதைத்தது. ஒவ்வொரு உதைக்கும் கதவு ஒரு சாண் நகர, அவள் இழுத்து நடுவுக்குக் கொண்டுவந்தாள். நடுதானா? காலால் மறுபடி கல்லைத் தேடினாள். கால் மரத்துவிட்டது. கல்லா, தன் பாதமா என்றே தெரியவில்லை. ஒரு கை தூரம் தவறினால் அங்கே வெளியில் எவ்வளவு தவறும் என்று கணக்குப் பார்க்க முயன்றாள். கணக்கு நிற்கவில்லை. தன் கையாலேயே அவனை இழுத்துப் பாறையில் மோதுகிறோமோ என்ற எண்ணம் மட்டும் நின்றது.

"மதினி."

"பேசாம இரு."

ஹன்சீனே ஒரு கையை நெற்றிக்குக் கொடுத்தாள். பிறகு இறக்கினாள். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன? சொல்லித் தொலைங்களேன்."

"வந்துட்டான். கல்லடுக்குக்கு வெளியில. தெக்கே ரொம்பத் தள்ளி நிக்கிறான்." ஹன்சீனேயின் குரலில் வழக்கமான காரம் எதுவும் இல்லை. "நின்னுட்டான். ஓட்டாம நிக்கிறான். ஏன் நிக்கிறான்?"

மோட்டாரின் சத்தம் காற்றில் விட்டு விட்டு வந்தது. தட்தட்தட், பிறகு ஒன்றுமில்லை, பிறகு தட்தட். ரக்னா மூச்சை அடக்கிக்கொண்டு அதை மட்டும் கேட்டாள். எடியாஸின் தோளில் துடுப்பு வழுக்கியது. அவர் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி மறுபடி ஏந்தினார்.

"திரும்புறான்," என்றாள் ஹன்சீனே. "கிழவி பக்கம். இல்ல. இல்ல, நேரா. நேரா வர்றான். ரக்னா, ஆடாத. ஆடாத புள்ள."

புள்ள என்று அவள் இதுவரை அழைத்ததில்லை. ரக்னா கண்ணை மூடிக்கொண்டு முதுகைக் கதவோடு அழுத்தினாள். சத்தம் சட்டென்று மறைந்தது. ஏதோ பெரிதாக உடைந்தது. அது அலையா, பலகையா? அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். கதவை மட்டும் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"விடு," என்றது ஒரு குரல். "விட்ரு ரக்னா. உள்ள வந்தாச்சு."

அவன் இடுப்புத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். இரவல் படகு பின்னால் துறையில் மோதி மோதித் திரும்பியது. அக்கா கயிற்றைப் பிடித்திருந்தாள். அவனுக்குத் தாடி வளர்ந்திருந்தது. முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று வசந்தத்திலிருந்து ஆசைப்பட்டாளே, அந்த முகம் வெளுத்து, உதடு நீலமாக, கதவையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. அவள் விரல்கள் விரியவில்லை. அவன் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான்.

சமையல்கட்டில் அக்காவும் தம்பியும் ரக்னாவும் ஈரத்தோடு உட்கார்ந்தார்கள். எடியாஸ் அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றார். கொட்டகை மேடேறிய கதையை ரக்னாதான் சொன்னாள், நடு நடுவே பல் கிட்டியது. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். முடிந்த பிறகு, வெளியிலிருந்து தான் கண்டதைச் சொன்னான். முதல் மழை விலகியபோது வெள்ளையைப் பார்த்தானாம். கல்லடுக்கின் தலைமேல் கொண்டுவரத் திருப்பினானாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இரண்டாகி, ஒன்று தோட்டத்துப் பக்கம் பறந்து போய்விட்டதாம்.

"மிச்சம் இருந்தது நடந்துச்சு. மேட்டுலேர்ந்து எறங்கி, கரைக்கு நடந்து போச்சு. ரெண்டு வருசத்துல கண்ணு போயிருச்சுன்னு நெனச்சேன்."

"அப்புறம் எத நம்பி வந்த?" என்று கேட்டார் எடியாஸ்.

"கட்டடம் நடக்காதுல்ல. யாரோ தூக்கிட்டுப் போறாங்க. இந்தக் காத்துல வெளையாட்டுக்கு யாரும் தூக்க மாட்டாங்க. அது போய் நிக்கிற வரைக்கும் மோட்டார அடக்கிட்டு நின்னேன்." காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "கிழவிய ஒரு துடுப்பு தூரத்துல பாத்தேன். அவ பல்லுகூடத் தெரிஞ்சுது."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவன் ரக்னாவைப் பார்த்துக் கேட்டான்.

"வேற என்னென்ன மாத்தி வச்சிருக்க? இப்பவே சொல்லிரு."

ரக்னா சொல்ல ஆரம்பித்தாள். கறுப்பு மாடு செத்துப்போனது. கிணற்றுக்குப் புது மூடி, பழையது மாதிரி இடதுபுறம் திறக்காது. துறையில் மூன்றாவது கட்டுத்தறி உளுத்துவிட்டது, அதில் படகைக் கட்டக்கூடாது. கட்டில் ஜன்னல் பக்கம் நகர்ந்திருக்கிறது. மாடிப்படியில் ஒரு பலகை புதுசு, கொஞ்சம் உயரம் கூட. தொப்பி மாட்டுகிற ஆணி கதவுக்கு அந்தப் பக்கம். நிறுத்த முடியவில்லை அவளால். ஒன்றை விட்டுவிட்டால் அதில்தான் அவன் இடறுவான் என்று பயந்தவள் மாதிரி, உப்பு ஜாடி இருக்கிற தட்டு வரைக்கும் சொன்னாள்.

"கடிகாரம் முந்தி ஓடுது," என்றாள் ஹன்சீனே. "அதையும் சொல்லு."

எடியாஸ் மட்டும் சிரித்தார்.

ஈரத்துணியை மாற்ற அவன் எழுந்தான். உள்கூடம் இருட்டாக இருந்தது. விளக்கு கொண்டுவரட்டுமா என்று அவள் கேட்டதற்கு வேண்டாம் என்றான். இந்த வீட்டில்தான் பிறந்தான். இருந்தும் ஒரு கையை முன்னால் நீட்டி, சுவரைத் தடவிக்கொண்டே போனான். படுக்கையறைக் கதவண்டை நின்றான்.

"இந்தக் கதவு இங்கதான இருந்துச்சு?"

"இங்கதான்," என்றாள் ரக்னா.